கடலுக்குப் பட்டா கிடையாது: மலைப் பிள்ளைகளுக்கு மீன்பிடி உரிமையைச் சொல்லித்தருவது எப்படி

கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமத்து நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகளோடு உட்காருவேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிறவர்கள், இருபது பேர் வரை வருவார்கள். பாதிப் பேர் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். கடலை நேரில் பார்த்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒரு நாள் செய்தித்தாளில் மீனவர்கள் கைது என்று படித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பெண் நிமிர்ந்து, "அக்கா, கடல்ல கோடு போட்டிருக்காங்களா? மீனுக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அடுத்த வாரமே கரும்பலகையில் சட்டங்களின் பெயரையும் வருஷத்தையும் எழுதிப் போட்டு விளக்கினேன். பத்து நிமிஷத்தில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் விதை வைத்து ஆடும் விளையாட்டுக்கு மாறினேன். இது பல நாடுகளில் வகுப்புகளில் பல வடிவத்தில் ஆடுகிற விளையாட்டுதான், நம் ஊருக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் நடத்த வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மொத்தம் இரண்டரை மணி நேரம் வேண்டும். ஒரே நாளில் முடிக்க முயற்சிக்காதீர்கள், இரண்டு ஞாயிறாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தேவையானது ஒரு பெரிய தாம்பாளம், காய்ந்த அவரைக்கொட்டை 60 (கொஞ்சம் கூடவே ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்), நாலு டீஸ்பூன், நாலு கிண்ணம், துண்டுச் சீட்டுகள், கடலை மிட்டாய் ஒரு பாக்கெட், ஒரு ஸ்கேல், இரண்டு மீட்டர் கயிறு. அவ்வளவுதான். அவரையே வேண்டும் என்றில்லை. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருப்பதால் பிள்ளைகள் கேட்காமலே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

முதலில் கயிறு. தரையில் நீட்டிப் போட்டு ஒரு முனைதான் கரை என்று சொல்லுங்கள். ஒரு கடல் மைலுக்கு ஒரு சென்டிமீட்டர். மூன்றாவது சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு, பன்னிரண்டாவதில் இன்னொன்று, கயிற்றின் கடைசி முனைதான் 200 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோமீட்டர். அதனால் 12 மைல் என்பது சுமார் 22 கிலோமீட்டர், ஊட்டியிலிருந்து குன்னூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். இப்படிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். 200 மைல் 370 கிலோமீட்டர். கரையிலிருந்து 12 மைல் வரை மீன்பிடிப்பைப் பற்றிச் சட்டம் போடுவது மாநில அரசு, அதற்கு வெளியே ஒன்றிய அரசு. அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் ஒரு வரியும் ஒன்றியப் பட்டியலில் ஒரு வரியுமாக இது பிரிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் 1983-ல் வந்த கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அந்த மூன்று மைல் முடிச்சுக்குள் விசைப்படகு வலை போடக் கூடாது, அது நாட்டுப்படகுக்காரர்களுக்கான இடம். இரண்டு முடிச்சையும் கடைசி முனையையும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவன் மூன்றாவது சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டு, "இவ்வளவு குட்டி இடமா?" என்றான். அந்தக் குட்டி இடத்தில்தான் பெரும்பாலான சண்டை நடக்கிறது என்று அப்போது சொல்லிவைத்தால் பின்னால் உதவும்.

அப்புறம் ஒரு கேள்வி போடுங்கள். "உங்கள் வீட்டுத் தேயிலைத் தோட்டம் யாருடையது?" அப்பாவுடையது, தாத்தாவுடையது, பட்டா இருக்கிறது என்பார்கள். "பக்கத்துத் தோட்டத்தில் போய்ப் பறிக்கலாமா?" கூடாது. "மேய்ச்சல் புல்வெளி யாருடையது? ஊர் ஓடை யாருடையது?" இங்கே சத்தம் குறையும். ஊருக்குப் பொது, அரசாங்கம், காட்டிலாகா என்று பல பதில் வரும். சரி, கடலில் நீந்துகிற மீன்? அது வலையில் விழுகிற வரைக்கும் யாருடையதும் இல்லை, விழுந்த நிமிஷம் பிடித்தவனுடையது. இதை அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள். தேயிலைச் செடி வேர்விட்டு நின்ற இடத்தில் நிற்கிறது, இன்றைக்குக் கொழுந்து விட்டுவைத்தால் அடுத்த வாரம் நமக்கே கிடைக்கும். மீனை விட்டுவைத்தால் அடுத்த படகுக்காரன் எடுத்துக்கொள்வான். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே வருகிறது, அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

இப்போது முதல் ஆட்டம். பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவும் ஒரு படகு. தாம்பாளத்தில் 60 விதை. விசில் ஊதினால் இருபது நொடி, ஸ்பூனால் மட்டும் அள்ளிக் கிண்ணத்தில் போட வேண்டும். மூன்று விதையாவது கிடைக்காத படகில் அன்றைக்கு அடுப்பு எரியாது, ஆட்டத்திலிருந்து வெளியே. சுற்று முடிந்ததும் தாம்பாளத்தில் எவ்வளவு மீதி இருக்கிறதோ அவ்வளவு விதையை டப்பாவிலிருந்து எடுத்துச் சேருங்கள், மீன் குஞ்சு பொரித்து இரட்டிப்பாகிவிட்டது என்று கணக்கு. ஆனால் 60-க்கு மேல் போகக் கூடாது, தாம்பாளம் அவ்வளவுதான் தாங்கும். இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், எழுதியும் போடுங்கள். பேசக் கூடாது என்பது இன்னொரு விதி.

என்ன நடக்கும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். முதல் சுற்றிலேயே ஐம்பதுக்கு மேல் அள்ளிவிடுவார்கள். மீதி எட்டு, இரட்டித்தால் பதினாறு. இரண்டாம் சுற்றில் தாம்பாளம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால் படகுக்கு ஏழு எடுத்திருந்தாலே போதும்: 28 போய் 32 மிஞ்சும், அது மறுபடி 60 ஆகும், வருஷம் முழுக்க ஆடலாம். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் சொல்லியும்விடுவார்கள், ஆனால் ஆட்டம் முடிந்தபின்! "தெரிந்தும் ஏன் அள்ளினீர்கள்?" என்று கேளுங்கள். "நான் விட்டா அவன் எடுத்துடுவான் அக்கா" என்ற பதில் ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது, ஒரு முறைகூடத் தவறியதில்லை. பேராசை என்று அவர்களைத் திட்டிவிடாதீர்கள், நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். விட்டுவைப்பவன் நஷ்டப்படுகிற மாதிரி விதி இருந்தால் நல்ல பிள்ளையும் அள்ளத்தான் செய்யும். ஸ்காட் கார்டன் என்ற கனடாப் பொருளாதார அறிஞர் 1954-ல் மீன்பிடிப்பை வைத்தே இதை எழுதினார், 1968-ல் காரெட் ஹார்டின் மேய்ச்சல் நிலத்தை உதாரணமாக வைத்து எழுதியது உலகம் முழுக்கப் பரவியது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்றால் இந்தப் பெயர்களைச் சொல்லலாம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

அடுத்த ஆட்டம் சர்க்கார் ஆட்டம். ஒரு பிள்ளையை அதிகாரியாக உட்கார வைத்து, விதை அழியாமல் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு விதி போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் நேரத்தைக் குறைப்பார்கள், இருபது நொடிக்குப் பதில் ஐந்து நொடி. அந்த நேரத்தில் நீங்கள் மெதுவாகச் சொல்லுங்கள்: "ஸ்பூன்தான் வேண்டும் என்று அதிகாரி சொல்லவில்லையே." அடுத்த சுற்றுக்கு டிபன் பாக்ஸ் மூடி வரும், ஒரு முறை ஒருவன் கல்யாணச் சமையல் கரண்டியே கொண்டுவந்தான். ஐந்து நொடியில் தாம்பாளம் காலி, இரண்டு பேருக்குக் கையில் நகக்கீறல். இங்கே அலாஸ்காக் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனுக்கு அரசு இப்படித்தான் நாளைக் குறைத்துக்கொண்டே வந்தது. படகுக்காரர்கள் பெரிய படகு, கூடுதல் தூண்டில் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். 1990-களின் தொடக்கத்தில் பல பகுதிகளில் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம்தான் மீன்பிடிக்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. புயல் அடித்தாலும் அந்த ஒரு நாளில் கடலுக்குப் போயே ஆக வேண்டும், ஆட்கள் செத்தார்கள், எல்லா மீனும் ஒரே நாளில் கரைக்கு வந்து குவிந்ததால் விலையும் போனது. 1995-ல் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுத்தபின் பருவம் சுமார் எட்டு மாதமாக நீண்டது.

அரசாங்கம் கணக்கையே தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூபவுண்ட்லாந்து. கனடா 1977-ல் தன் 200 மைலை உரிமை கொண்டாடி வெளிநாட்டுக் கப்பல்களை விரட்டியது, அந்த இடத்தில் தன் சொந்த இழுவைப் படகுகளைப் பெருக்கியது. காட் மீன் இருப்பதைவிட அதிகம் இருப்பதாகக் கணக்கு வந்துகொண்டே இருந்தது. கரையோரத்தில் சின்ன வலை போடுகிறவர்கள் மீன் சிறுத்துப்போகிறது, குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கேட்பார் இல்லை. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது, சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருஷத்துக்கு என்று சொல்லி ஆரம்பித்த தடை 2024-ல்தான் விலக்கப்பட்டது. இந்தக் கதையை நான் எப்போதும் சற்று நிறுத்தி, நிதானமாகச் சொல்வேன். எங்கள் பிள்ளைகளின் அப்பாக்களும், பச்சைத் தேயிலை விலையைப் பற்றி யாரோ எங்கோ எடுக்கும் முடிவுக்குக் காத்திருப்பவர்கள்தான், அதனால் "கேட்பார் இல்லை" என்ற இடத்தில் அவர்கள் முகம் மாறும்.

சர்க்கார் விதி எல்லாமே வீண் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது, இந்த இடத்தில்தான் மீன்பிடித் தடைக்காலத்தைச் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, இரண்டும் 61 நாள். கேரளா தன் 12 மைலுக்குள் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் இழுவைப் படகுகளை நிறுத்துகிறது. தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போகலாம். மீன் முட்டையிடும் காலத்தில் கடல் அடியைக் கிளறாமல் விடுவதுதான் நோக்கம். தமிழ்நாட்டில் அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. "ரெண்டு மாசத்துக்கு எட்டாயிரமா?" என்று எஸ்டேட் பிள்ளை ஒருத்தி உடனே கணக்குப் போட்டாள். அவளுக்குப் பதில் சொல்லாமல், உங்கள் வீட்டில் எவ்வளவு நாள் போதும் என்று திருப்பிக் கேட்டேன். தேயிலையை வைத்தும் இதை விளக்கலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் வருவதற்கு முன் கிள்ளினால் அடுத்த சுற்றுக் கொழுந்து போச்சு என்பது அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிள்ளைகளுக்கு இது பிடிக்கிறது: நம் மலைக்கென்றே 1879-ல் ஒரு சட்டம் வந்தது, நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். வேட்டை விலங்குகளோடு, வெளியிலிருந்து கொண்டுவந்து இங்கே பழக்கிய மீன்களுக்கும் பாதுகாப்பு. அவலாஞ்சிப் பக்கம் டிரௌட் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஏன் இருக்கிறது என்ற கேள்வி இங்கிருந்து கிளம்பும். இந்தக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களைக் கேட்டுவிட்டா வெள்ளைக்காரன் சட்டம் போட்டான் என்பதையும் பெரிய பிள்ளைகளிடம் பேசுங்கள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு இரண்டாவது ஞாயிற்றை ஒதுக்குங்கள். 28 சீட்டு எழுதி ஒவ்வொரு படகுக்கும் ஏழு கொடுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு விதை, சீட்டு இல்லாமல் எடுக்கக் கூடாது, நேரக் கட்டுப்பாடே இல்லை. சீட்டு இனி வரும் எல்லாச் சுற்றுக்கும் செல்லும். வேண்டுமானால் விற்கலாம். அப்புறம் ஒரு படகுக்கு மட்டும் பத்துக் கடலை மிட்டாயும் மற்றவர்களுக்கு இரண்டிரண்டும் கொடுத்துவிடுங்கள். முதல் சுற்று அழகாகப் போகும். அவசரம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, விதை 60-க்குத் திரும்பிவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது நாலாவது சுற்றுக்குள் மிட்டாய்க்கார படகிடம் பாதிக்கு மேல் சீட்டு போய்ச் சேர்ந்திருக்கும். மிட்டாய் தின்று தீர்த்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தாம்பாளம் நிறைந்திருக்கும், ஆனால் அள்ளுவதற்கு அவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. அந்த அமைதியை உடனே கலைக்காதீர்கள்.

ஐஸ்லாந்தும் நியூசிலாந்தும் இந்த வழியில்தான் போயின. நியூசிலாந்து 1986-ல் பங்கு முறையைக் கொண்டுவந்தது. ஐஸ்லாந்து 1984-ல் காட் மீனுக்குப் படகுவாரியாகப் பங்கு பிரித்து, 1990-ல் சட்டம் போட்டு அதை விற்கலாம் வாங்கலாம் என்று முழுதாகத் திறந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பங்கு வைத்திருப்பவன் மீனுக்குச் சொந்தக்காரன் இல்லை, ஐஸ்லாந்துச் சட்டத்தின் முதல் பிரிவே மீன் வளம் நாட்டு மக்களின் பொதுச் சொத்து என்றுதான் சொல்கிறது. அந்த வருஷம் எவ்வளவு பிடிக்கலாம் என்று விஞ்ஞானிகள் சொல்லும் மொத்தத்தில் இத்தனையில் ஒரு பங்கு பிடிக்கும் உரிமை, அவ்வளவுதான். மொத்தம் 28-லிருந்து 20-ஆகக் குறைந்தால் எல்லோருடைய சீட்டும் சேர்ந்தே சுருங்கும். இந்த முறை மீனைக் காப்பாற்றியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், நிஜம் அது. கூடவே, ஆரம்பத்தில் படகு வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த பங்கை அடுத்த தலைமுறை மீனவன் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, பங்குகள் சில கம்பெனிகளிடம் குவிந்தன, 2007-ல் ஐநா மனித உரிமைக் குழு இரண்டு ஐஸ்லாந்து மீனவர்களின் புகாரை விசாரித்து இது பாரபட்சம் என்றது என்பதையும் சொல்லுங்கள். நியூசிலாந்தில் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் எங்கள் கடலை எங்களைக் கேட்காமல் பிரித்துக் கொடுத்தது எப்படி என்று வழக்குப் போட்டார்கள், 1992-ல் ஒப்பந்தமாகி அவர்களுக்கும் பங்கு வந்தது.

"அப்ப யாரு முதல்ல சீட்டு கொடுக்கிறாங்களோ அவங்கதான் எல்லாத்தையும் முடிவு பண்றாங்க" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான். பட்டா கிடைத்த வீட்டுக்கும் கிடைக்காத வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றாடம் பார்க்கிறவன் அவன்.

நாலாவது ஆட்டத்தில் நீங்கள் விதி எதுவும் போடாதீர்கள். 60 விதையை வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசி முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், நிஜமாகவே அறையை விட்டு வெளியே போங்கள், நீங்கள் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். என் முதல் குழு, இந்தச் சுற்றில் இரண்டு படகு, அடுத்த சுற்றில் மற்ற இரண்டு படகு என்று முறை வைத்துக்கொண்டது. ஏன் என்று கேட்டால், "எங்க ஊர்ல தண்ணி அப்படித்தான் அக்கா விடுவாங்க" என்றார்கள். இன்னொரு குழு எண்ணிப் பார்க்க ஒருத்தியை நிறுத்தி அவளுக்குச் சுற்றுக்கு இரண்டு விதை கூலி கொடுத்தது. கூடுதலாக அள்ளினால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை ஒரு சுற்று வெளியே. எலினார் ஆஸ்ட்ரோம் உலகம் முழுக்கப் பொது வளங்களைக் காப்பாற்றும் ஊர்களைப் படித்து, அதற்காக 2009-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கினார், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். தனியாருக்குக் கொடு அல்லது அரசே எடுத்துக்கொள் என்ற இரண்டு வழி மட்டும்தான் என்பது தப்பு, மக்கள் தாங்களே விதி வைத்து, தாங்களே கண்காணித்து, தப்புக்குத் தகுந்தபடி தண்டித்து, நூற்றாண்டுக்கணக்கில் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று காட்டியவர். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் தொட்டது அதே இடத்தைத்தான்.

இங்கே பழவேற்காட்டுக்குப் போங்கள். அந்த ஏரியில் பட்டினவர் சமூகத்து மீனவர்கள் பாடு முறை வைத்திருக்கிறார்கள். வலை போடும் இடங்கள் பாடு என்று பிரிக்கப்பட்டு, யாருக்கு எந்த நாளில் எந்தப் பாடு என்று முறை சுற்றி வரும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. அதேபோல் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று நாள் பிரித்துக்கொண்டது, வலை அறுத்து அடித்துக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு. நம் மலையிலும் இல்லாமலா, எந்தத் தேன் பாறை எந்தக் குடும்பத்துக்கு என்று குறும்பர் பழங்குடிகளிடம் வழக்கம் உண்டு. குழுவில் குறும்பர் பிள்ளை இருந்தால் அவனை உதாரணப் பொருளாக்காமல், அவன் சொல்ல விரும்பினால் சொல்லட்டும் என்று விடுங்கள்.

பாடு முறையைப் பாராட்டிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். அதற்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்றும் கேட்க வைக்க வேண்டும். சாதி அடிப்படையில் வரும் உரிமை அது. அதே ஏரியை நம்பியிருக்கும் மற்றவர்களுக்கு அதில் இடம் கிடைக்காமல் நீண்ட காலமாகத் தகராறு இருக்கிறது. கரையோர ஊர்ப் பஞ்சாயத்துகளிலும், மீனை விற்றுக் குடும்பம் நடத்துகிற பெண்கள் பொதுவாக முடிவெடுக்கும் இடத்தில் உட்காருவதில்லை. விளையாட்டிலும் கவனியுங்கள், பேசிய பத்து நிமிஷத்தில் எந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை என்று குறித்துவைத்து அதைப் பிறகு எல்லோர் முன்னாலும் மெதுவாக எடுத்துப் பேசுங்கள்.

விதி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசி வேலை. பேச்சில் கலந்துகொள்ளாத ஒரு பெரிய பையனை, முன்கூட்டியே சொல்லி வைத்து, கரண்டியோடு உள்ளே அனுப்புங்கள். அவன் வந்து அள்ளிக்கொண்டு போவான். ஒரே கூச்சல். "இவனை உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து என்ன செய்யும்? அவன் உங்கள் ஊரே இல்லையே" என்று கேளுங்கள். "போலீஸ்" என்பார்கள். அப்போது கயிற்றை மறுபடி எடுங்கள். அந்த மூன்று மைல் முடிச்சு எதற்கு என்று இப்போது நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. ஊர் வைக்கிற விதிக்கு ஊருக்கு வெளியே மரியாதை வேண்டுமென்றால் அரசு பின்னால் நிற்க வேண்டும். மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி அள்ளுகிற சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2022-ல் தடை செய்ததும், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் 12 மைலுக்கு வெளியே வாரத்தில் இரண்டு நாள் மட்டும், நிபந்தனைகளோடு அனுமதித்ததும் இந்த இழுபறியின் ஒரு பகுதிதான்.

கச்சத்தீவு பற்றிக் கேள்வி கட்டாயம் வரும், தயாராக இருங்கள். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் கடலில் எல்லை வகுத்துக்கொண்டன. போர் 2009-ல் முடிந்தபின் வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்கள் மறுபடி கடலுக்கு வந்தார்கள். நம் பக்கத்து இழுவைமடிப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போவதும் அவர்கள் வலை அறுபடுவதும் அங்கே பெரிய துயரம், 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. நம் பக்கம் கைதாகிற, படகை இழக்கிற, குண்டடி பட்ட குடும்பங்களின் துயரமும் அதே அளவு நிஜம். அந்தப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் அரசுத் திட்டம் 2017-ல் தொடங்கியது, நினைத்த வேகத்தில் போகவில்லை. ஒரு பக்கத்தை வில்லனாக்கி முடித்துவிடாதீர்கள். இரண்டு கரையிலும் தமிழ் பேசுகிறவர்கள்தான், இரண்டு கரையிலும் தாம்பாளம் ஒன்றுதான்.

இவ்வளவும் முடிந்த வாரத்திலேயே ஸ்கேலை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை மீன் கடைக்குக் கூட்டிப் போங்கள். முந்தின நாளே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், கூட்டம் இல்லாத நேரம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், போனால் அரைக் கிலோவாவது வாங்குங்கள். நம் மலைக்குக் கேரளக் கரை மீன் கூடலூர் வழியாகவும் தமிழ்நாட்டுக் கரை மீன் மேட்டுப்பாளையம் வழியாகவும் வருவதால், எங்கிருந்து வந்தது என்று கேட்டாலே தடைக்காலக் கணக்கைப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம். கேரளா 2015-லிருந்து இன்னின்ன மீன் இவ்வளவு நீளத்துக்குக் கீழே இருந்தால் பிடிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது: மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை (நம் கரையில் கானாங்கெளுத்தி) 14 சென்டிமீட்டர். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். சின்ன மீன் இருந்தால் கடைக்காரரைக் குற்றவாளி மாதிரி நிறுத்தாதீர்கள், அவர் பிடிக்கவில்லை, ஏலத்தில் வந்ததை வாங்கி விற்கிறார்.

போன ஜூன் இரண்டாவது வாரத்தில் நாங்கள் போனோம், இரண்டு கரையின் தடையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற நாட்கள் அவை, அதனால்தான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன், நீங்களும் முடிந்தால் அப்போதே போங்கள். தட்டில் மீன் வகை குறைவு, விலை அதிகம். முதல் நாள் கோடு பற்றிக் கேட்டாளே, அந்தப் பெண் ஒரு மத்தியை எடுத்து ஸ்கேலில் வைத்தாள். ஒன்பதரை. இன்னொன்று, பதினொன்று. இன்னொன்று, ஒன்பது. நோட்டில் எழுதிக்கொண்டே, "அண்ணா, இது வள்ளத்துல பிடிச்சதா, போட்ல பிடிச்சதா?" என்று கேட்டாள். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இதுவரைக்கும் யாருமே இப்படிக் கேட்டதில்லம்மா, நாளைக்கு லோடு வரும்போது டிரைவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராகக் கடைக்குத்தான் போனாள்.